அது இதோடதுதானா?

என் தோழியின் நெற்றியில் பொட்டு இல்லாததைப் பார்த்துவிட்டு எங்கள் கேன்டீன்காரர் முதல் வாரமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அவளுக்குக் காபி நீட்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இன்னா வயசு இருக்கும்மா அதுக்கு? அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சே" என்று என்னிடம் உச்சுக் கொட்டினார். அன்று சாயங்காலமே அவளுடைய வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து கேட் பக்கம் நின்று ஹாரன் அடித்தார். அது யார் என்று நான் சொன்னதும் மனுஷன் வெலவெலத்துப் போய், கொஞ்ச நாள் எங்கள் மேஜைப் பக்கமே தலைகாட்டவில்லை.

விஷயம் இதுதான். கடையில் விற்கிற குங்குமத்தில் ஈயம் கலந்திருக்கலாம். தரமணியில் எங்கள் ஆய்வகத்தில் நாங்கள் அளந்துகொண்டிருந்ததும் ஈயம்தான். பாறைக்குள் ஜிர்கான் என்று ஒரு கனிமம் உண்டு. ரவையைவிடப் பொடியான மணிகள். அந்த மணி உருவாகும்போதே கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வைத்து மூடிக்கொள்கிறது. அது மாறாத வேகத்தில் ஈயமாகிக்கொண்டே வரும். எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அளந்துவிட்டால் மணிக்கு எத்தனை கோடி வருஷம் என்று சொல்லிவிடலாம். அளக்கிற ஈயமோ கண்ணுக்கே தெரியாத அளவு. நெற்றியிலிருந்து ஒரு துகள் உதிர்ந்தால் போதும், பாறையின் வயது பாழ்.

அவள் பாறை ஆள், நான் ஈயத்தை அளக்கிற மெஷின் ஆள். ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ராயப்பேட்டையில் எங்கள் வீட்டில் கண்ணுக்குச் சுர்மா மை இடாமல் வெளியே கிளம்பினால் என் அம்மா, எங்களுக்கு அம்மி, உடம்பு சரியில்லையா என்று கேட்பாள். முதல் நாள் அந்தக் கண்ணோடு போய் நின்றேன். அவள் என் கையைப் பிடித்து வாஷ்பேசினுக்கு இழுத்துப் போனாள். "சுர்மா பூராவும் ஈயம். அலம்பு" என்றாள். யார் இவள் என்னை அதட்டுவதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவள் தன் வெறும் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "நான் குங்குமத்தையே விட்டுட்டேன். நீ இதை விடப்படாதா?"

ஸ்டிக்கர் பொட்டாவது வைத்துக்கொள்ளேன் என்று நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதன் பின்னால் இருக்கும் பசையில் என்னென்ன போடுகிறார்களோ தெரியாதே என்றாள். மயிலாப்பூரில் அவளுடைய மாமியாருக்கு இதனால் ஏற்பட்ட தலைகுனிவு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு நவராத்திரிக்குப் பக்கத்துத் தெரு வீட்டில் கொலு பார்க்கப் போன இடத்தில், வெற்றிலை பாக்குத் தட்டு இவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போய்விட்டது. மாமியார் வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் இதை அவள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அவா கண்ணுல பட்டதை வெச்சுப் பார்த்தா அவா முடிவு சரிதானேடி. நான் எதுக்குக் கோச்சுக்கணும்?" எனக்குத்தான் அந்தத் தட்டுக்காரியை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். ஒன்றில் இன்னொன்று கலந்துவிடுமோ என்கிற பயம். பாறையை உடைக்கிற மெஷினுக்கு இரண்டு இரும்புத் தாடைகள் உண்டு. ஒரு கல்லை உடைத்து முடித்ததும், அடுத்த கல்லுக்கு முன்னால் அதைத் துலக்க வேண்டும். மற்றவர்கள் பிரஷ் போட்டு, காற்று அடித்து, ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவள் அதற்கே ஒரு முழு நாள் எடுத்துக்கொள்வாள். முந்தைய கல்லின் ஒரு மணி எங்காவது ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த கல்லின் பொடியில் விழுந்துவிட்டால், ஒரு மலையின் வயது இன்னொரு மலைக்குப் போய்விடும். பொடியைச் சலித்து, கழுவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து ஊசி முனையால் ஒவ்வொரு மணியாகப் பொறுக்கும்போதும் அவள் வாயில் ஒரே கேள்விதான். "அது இதோடதுதானா?"

இந்தக் கேள்வி ஆய்வகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேன்டீன் ரசத்தில் கிடந்த மிளகைக் கரண்டியில் எடுத்து வைத்துக்கொண்டு கேட்பாள். காசிக்குப் போய்விட்டு வந்த சொந்தக்காரர் பக்தியோடு நீட்டிய கங்கைத் தண்ணீர்ச் செம்பை வாங்கிப் பார்த்துக் கேட்டுவிட்டு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாள். என் அண்ணன் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டு, மூக்கு அப்படியே தாத்தா மூக்கு என்று கொஞ்சிக்கொண்டிருந்தோம். அவள் குழந்தையை உற்றுப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். அண்ணிக்கு முகம் எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "யா அல்லா, வாயை மூடிகினு பிரியாணியைத் துன்னுடி" என்று அவளை இழுத்துப் போனேன். அவளுக்கோ கத்தரிக்காயைத் தவிர வேறு எதையும் தொட முடியாது. அதையும் எந்தக் கரண்டியால் கிளறினார்கள் என்று கேட்டாள்.

வயது என்று எதைச் சொன்னாலும் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். கூடக்குறைய இருக்கலாம் என்று அர்த்தம். இருநூற்றைம்பது கோடி வருஷப் பாறைக்கும் அந்த ஆட்டல் உண்டு, தன் வீட்டுக்காரரின் வயதுக்கும் உண்டு. கை ஆடாமல் அவள் ஒரு வயதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. அவளோடு பழகினால் முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும், அதற்கப்புறம் அவள் இல்லாமல் எதையும் நம்பத் தோன்றாது. எனக்கு அந்த மூன்றும் வந்தன.

கௌசல்யா எங்களிடம் வந்தது அதற்கெல்லாம் ரொம்ப நாள் கழித்து. எம்.எஸ்ஸி. முடித்து ஒப்பந்த வேலைக்கு வந்த பெண். அடையாற்றங்கரையில் குடிசை இருந்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு குடும்பத்தையே பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். அப்பா மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். வீட்டில் அவள் ஒருத்திதான் படித்தவள். ஒப்பந்தம் வருஷா வருஷம் முடியும், வருஷா வருஷம் நீளும். நிரந்தர வேலை என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருடைய பேச்சும். மைக்ராஸ்கோப்பில் மணி பொறுக்குவதில் அவள் கை அசையாது. என் தோழிகூட அவள் பொறுக்கிய மணிகளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் குறைத்துக்கொண்டாள். கௌசல்யா என்னை அக்கா என்பாள், அவளை மேடம் என்பாள்.

தர்மபுரிப் பக்கத்துக் குவாரி ஒன்றிலிருந்து இவர்கள் இருவரும் கொண்டுவந்த கல்லில்தான் அது நடந்தது. உடைக்கிற மெஷினைத் துலக்கியதும் கல்லை உடைத்ததும் கௌசல்யா. பொறுக்கிய மணிகளில் எல்லாம் எதிர்பார்த்த வயதுதான், மூன்றே மூன்றைத் தவிர. அந்த மூன்றும் முந்நூறு கோடிக்கும் வெகு மேலே. நம் மாநிலத்தில் யாரும் அவ்வளவு பழைய மணியைப் பார்த்திருக்கவில்லை. எங்கள் முறையில் மணியை அமிலத்தில் கரைத்துத்தான் அளக்க முடியும். அளந்து முடித்தால் மணி இருக்காது, வயது மட்டும் மிஞ்சும். மெஷினில் எண்கள் வந்தபோது கௌசல்யா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா, இது நெஜமாவே வந்துகீதா?" அவள் கண்ணில் தண்ணீர்.

கட்டுரை வந்தது. என் தோழியின் பெயர் முதலில், கௌசல்யாவின் பெயர் இரண்டாவது. நான் கடைசியில், நன்றி சொல்கிற பத்தியில் இருந்தேன். பேப்பரில் படம் வந்தது, வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது, அவளைப் பிரிவுக்குத் தலைவியாக்கினார்கள். எல்லாக் கூட்டத்திலும் கையை ஆட்டி ஆட்டித்தான் வயதைச் சொன்னாள். கூடவே ஒவ்வொரு இடத்திலும் கௌசல்யாவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் அப்பா அந்தப் பேப்பர் துண்டை லாமினேட் செய்து வண்டியில் மாட்டியிருந்தார். அடையாறு டெப்போ வாசலில் ஒருமுறை என் கண்ணாலேயே பார்த்தேன்.

சில வருஷம் கழித்து ஆய்வகத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். கல் உடைக்கிற பழைய மெஷினைக் கழற்றி, தாடைத் தகடுகளை மாற்ற ஏற்பாடு நடந்தது. அன்று மத்தியானம் என் தோழி என் அறைக்கு வந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள்.

"இதை உன் மெஷின்ல ஓட்டணும்."

"இன்னாது?"

"தூள். தாடைத் தகட்டுக்குப் பின்னால ஒரு விரிசல். அதுக்குள்ள அடைஞ்சிண்டிருந்தது. நான்தான் சுரண்டி எடுத்தேன்."

அந்தத் தர்மபுரிக் கல்லுக்கு முன்னால் அதே மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு கல்லை உடைத்திருந்தோம். ஒடிசாக் கல் ரொம்பப் பழசு என்பது அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தூளில் மணிகள் இருந்தன. கரைத்து ஓட்டினேன். அந்த மூன்று மணியின் வயது என்னவோ, அதே வயதுதான் வந்தது. அவள் திரையைப் பார்த்தபடி நின்றாள். கை ஆடவில்லை.

"அந்த மூணும் இங்கேர்ந்து விழுந்திருக்கலாம்" என்றாள்.

"விழாமலும் இருந்திருக்கலாம்டி. அந்தக் கல்லுலயே இருந்திருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா இனிமே எனக்குத் தெரியாது."

தெரிந்துகொள்ள என்னென்ன வழி உண்டோ அத்தனையும் பார்த்தாள், அதை நான் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்லில் கையளவு துண்டு ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். புதிதாக ஓர் இரும்பு உரல் வாங்கி அதில் இடித்தார்கள். பழைய மணி ஒன்றுகூட இல்லை. ஆனால் கையளவு கல்லில் கிடைக்காததால் மலையிலேயே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் மூன்று பேரும் காரில் குவாரிக்குப் போனோம். அந்தப் பாறை இருந்த இடத்தில் பெரிய பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். பாறை முழுக்க ஜல்லியாகி ஏதோ ரோட்டுக்கும் வீட்டுக்கும் போய்விட்டிருந்தது. காவலாளி எங்களுக்கு மோர் கொடுத்தார்.

கட்டுரையை வாபஸ் வாங்கப் போகிறேன் என்றாள். அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்காணல் இருந்தது. கௌசல்யாவுக்கு வயது வரம்புப்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அவள் கையில் இருந்த பெரிய சொத்தே அந்தக் கட்டுரைதான். நான் கேன்டீனில் உட்கார்ந்து என் தோழியிடம் கெஞ்சினேன். எனக்கு அவளிடம் கெஞ்சிப் பழக்கமில்லை.

"ஒரு மாசம். ஒரே மாசம் பொறுத்துக்கோ. ஆர்டர் கைக்கு வரட்டும், அப்பால எழுது. கல்லு எங்கியும் ஓடிப் போயிடாது."

"அந்தப் பேப்பரைக் காட்டி அவ அங்க உட்கார்ந்திருப்பா. அது சந்தேகம்னு தெரிஞ்சும் நான் இங்க உட்கார்ந்திருப்பேன். அப்படி வர்ற வேலை அவளோடதாடி?"

"வேலை வேலைதான். பெரும்பாக்கத்துல போய்ச் சொல்லு உன் வியாக்கியானத்த."

காபி ஆறி ஏடு படிந்தது.

கௌசல்யாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். அந்தப் பெண் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே கேட்டாள். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உடனே இவளைப் பார்த்தாள், அடங்கிவிட்டாள்.

"மேடம், நீங்க ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆயிடுவீங்க. நான் இன்னா பண்றது?"

"தெரியலைம்மா."

"அந்தத் தெரியலைக்கும் கை ஆட்டுவீங்களா மேடம்?"

சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. இவள் தன் உள்ளங்கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு இவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, அடிக்கவும் வேண்டும்போல் இருந்தது.

வாபஸ் அறிவிப்பு எல்லோரும் படிக்கிற மாதிரி வெளிவந்தது. நாலே வரி. மெஷினைத் துலக்குவது தன் பொறுப்பு என்றும், தகட்டுக்குப் பின்னால் தூள் அடைந்திருந்ததைத் தானே கண்டுபிடித்ததாகவும், தவறு முழுக்கத் தன்னுடையது என்றும் எழுதியிருந்தாள். துறையில் அவளுக்கு மரியாதை கூடியது. நேர்மை, நேர்மை என்று ஆளாளுக்குப் பாராட்டி மெயில் அனுப்பினார்கள். நேர்காணலில் கௌசல்யா தேர்வாகவில்லை. ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது, யாரும் நீட்டவில்லை. கடைசி நாள் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள், மேடம் அறைக்கு மட்டும் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் என் தோழியோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். எதிரே வந்தால் பேசுவேன். சண்டை என்று சொல்ல முடியாது. ஆனால் என் டிபன் பாக்ஸை மெஷின் அறையிலேயே திறந்தேன். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்ல அதைவிட மனம் வரவில்லை. அந்த வருஷத்தில் அவளுடைய வீட்டுக்காரர் தவறிப்போனார். போய் வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரிட்டயர் ஆன மறுவாரம் கபாலி கோயில் குளத்தருகே அவளைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றியில் வட்டமாக, பளிச்சென்று குங்குமம். புருஷன் இருந்த காலமெல்லாம் மூளி நெற்றியோடு திரிந்துவிட்டு, அவர் போன பிறகு பொட்டு வைத்தால் மயிலாப்பூர் சும்மா இருக்குமா? பேசித் தீர்த்தார்களாம். "இப்போ லேப் இல்லையேடி" என்றாள் என்னிடம், இது என்ன கேள்வி என்பதுபோல. "ஆசையா இருந்தது. இத்தனை வருஷம் வெச்சுக்க முடியலை." நானும் ரிட்டயர் ஆகி மறுபடி சுர்மா இட ஆரம்பித்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். கொஞ்சம் பழைய மாதிரி இருந்தது.

ஓய்வுக்குப் பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மயிலாப்பூர் முழுக்க மெட்ரோவுக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா, ஒருநாள் நாங்கள் சேர்ந்து நடந்தபோது லஸ் பக்கம் தகரத் தடுப்புக்கு வெளியே ஒரு கல் துண்டு கிடந்தது. அவள் குனிந்து எடுத்தாள். காவலுக்கு நின்ற ஆள், "இன்னாமா, கல்லு எத்தினி வருஷத்து கல்லுன்னு சொல்லுவியா?" என்று கிண்டலாகக் கேட்டான். "கீழேர்ந்து வந்ததா, லாரியிலேர்ந்து விழுந்ததாப்பா?" என்று இவள் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. அப்படியானால் வயது சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு நடந்தாள். "நல்லாத்தான கீது இந்தம்மா, இன்னாத்துக்கு இப்படி கேக்குது?" என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

போன வருஷம் ஒரு செய்தி வந்தது. வேறு ஒரு குழு, வேறு ஆய்வகத்தில், அதே மலைத்தொடரில் கொஞ்சம் தள்ளி எடுத்த கல்லில் பழைய மணிகளைக் கண்டுபிடித்திருந்தது. வயது கிட்டத்தட்ட அதே வயது. அதாவது அந்த மூன்று மணியும் அந்தத் தர்மபுரிக் கல்லிலேயே இருந்திருக்கலாம். வாபஸ் வாங்கியிருக்கவே வேண்டாம். நான் மெஷினோடு வாழ்ந்தவள், எனக்குப் படித்ததும் புரிந்தது. ஆட்டோ பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். உடம்பு இளைத்துப்போய், ஊஞ்சலில் சாய்ந்துகொண்டிருந்தாள். போனில் அந்தக் கட்டுரையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"நன்னா பண்ணியிருக்கா" என்றாள்.

"அவ்ளோதானா? அப்போ உன்னுது கரெக்ட்டுதானடி!"

"அவா எடுத்தது அவா கல்லுலேர்ந்து. நான் எடுத்தது எந்தக் கல்லுலேர்ந்துன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. அந்த நாளெல்லாம் மெஷின் அறையில் தனியாகச் சாப்பிட்ட கோபம் அது. "கௌசல்யா? அந்தப் பொண்ணு வாழ்க்கைய எந்தக் கல்லுல போட்டு நசுக்கினே?" என்று கத்திவிட்டேன். சமையல்கார அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். ஊஞ்சலில் இருந்தவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நன்னா இருக்காளா அவ?" என்றாள். பிறகு, "நான் ஒண்ணு தப்பா எழுதிட்டேன்" என்று ஆரம்பித்தாள்.

"அதான் வாபஸ் வாங்கிட்டியே, ஊரே மெச்சிச்சே" என்றேன். கட்டுரையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியை மடித்து வைத்தாள். கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

மார்கழியில் போய்விட்டாள். தூக்கத்திலேயே.

கௌசல்யாவுக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கோச்சிங் சென்டரில் அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் புவியியல் எடுக்கிறாள் என்று தெரியும். வகுப்பு முடியும்வரை மாடிப்படியில் காத்திருந்தேன். வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். முன்னைவிடச் சதை போட்டிருந்தாள், அங்கங்கே ஒரு நரை. கீழே இருந்த ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஜூஸ் கிளாஸைத் தள்ளி வைத்தாள்.

அந்தப் புதுக் கட்டுரையைப் பற்றியும் சொன்னேன்.

"பாத்தேன்க்கா. வந்த அன்னிக்கே பாத்தேன்."

"உனக்கு வயிறு எரியலையா? அவ கொஞ்சம் பொறுத்திருந்தா..."

"மேடம் வாபஸ் வாங்குனது கரெக்ட்டுக்கா. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுல?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்தும் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிற மாதிரி.

"அந்தத் தூளு, அத எடுத்ததே நான்தான்க்கா. தகட்டைக் கழட்டுனப்போ மேடம் அங்க இல்ல. மெக்கானிக்கு கழட்டி வெச்சிட்டு டீ சாப்புடப் போனான். நான் தொடைக்கப் போனேன், விரிசல்ல அடைஞ்சிகினு இருந்திச்சி. பாத்தவொடனே தெரிஞ்சிப்போச்சி, இது இன்னா பண்ணும்னு. கையில ஈரத்துணி வெச்சிகினு நின்னேன். ஒரு இழுப்பு இழுத்திருந்தா முடிஞ்சது, எவனுக்கும் தெரியாது. நான் துணிய வெச்சிட்டு, பொட்டலம் கட்டி அவங்க கையில கொண்டுபோய் குடுத்தேன்."

என் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தேன். நான்தான் சுரண்டி எடுத்தேன் என்று அவள் என் மேஜைமுன் நின்று சொன்னது காதில் கேட்டது.

"அவங்க என்னைக் கட்டிப்புடிச்சாங்கக்கா. அப்பால சொன்னாங்க, நீ இதுல வராத, அன்னிக்கு மெஷின தொடைச்சது நீன்னு தெரிஞ்சா உன் தலையில போட்ருவாங்க, வேலை கெடைக்காது, நான் பாத்துக்கிறேன்னு. நானும் சரின்னேன். பயந்தேன். அப்பால அவங்க எழுதுனது வந்திச்சி. எல்லாம் அவங்க பண்ணுனது, கண்டுபுடிச்சதும் அவங்கன்னு."

"உன்னைக் காப்பாத்தத்தானே அப்படி எழுதினா."

"ஆமாக்கா. எனக்குத் தெரியாதா? இண்டர்வியூல ஒரு பெரியவரு, மொத கேள்வியே அதான் கேட்டாரு. இந்தத் தூள யாரு கண்டுபுடிச்சதுன்னு. மேடம் எழுதுனதையே சொன்னேன். அப்போ உன் பங்கு இன்னாமான்னாரு. என் பங்குன்னு சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லக்கா. பேப்பரும் போயிருச்சி, இதுவும் அவங்களுதா ஆயிருச்சி."

அவள் அழவில்லை. ஸ்ட்ராவை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"கெடைச்சிருக்கும்னு சொல்லலக்கா. கெடைச்சிருக்கலாம்" என்றாள். சொல்லும்போது அவளுடைய உள்ளங்கை தானாக விரிந்து இப்படியும் அப்படியும் ஆடியது. அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அவள் என் கையைத் தொட்டுவிட்டு மாடி ஏறிப் போனாள்.

பனகல் பார்க் பக்கம் வந்து பஸ்ஸுக்கு நின்றேன். வாழ்நாள் முழுக்க ஒரு மணியை இடம் மாற்றிச் சொல்லாதவள். மிளகைக்கூட நம்பாதவள். ஒரே ஒருமுறை, அந்தப் பெண்மேல் இருந்த பாசத்தில், அவளுடையதை எடுத்துத் தன்னுடையது என்று எழுதிவிட்டாள். தப்பா எழுதிட்டேன் என்று அன்றைக்கு ஊஞ்சலில் அவள் ஆரம்பித்தது இதைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கைக்குட்டை முழுக்கச் சுர்மா.

"அது உன்னோடதுதானாடி?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன்போல. நடைபாதையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "இன்னாமா, எங்கிட்டயா கேக்குற?" என்றாள்.